பெரிய கணக்கு நமக்கு எதற்கு?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியான மறுநாள் முதல் சங்கரன்கோவில் கடைவீதியில் ஒரு பேச்சு எழும். “உங்க பிள்ளைக்கு எந்த குரூப்பு?” என்று ஒருவர் கேட்பார். “கணக்கு வேண்டாம்னு சொல்லிட்டோம். பெரிய கணக்கு நமக்கு எதுக்கு?” என்று மற்றவர் விடை பகர்வார். கேட்டவரும் தலையசைப்பார். கையிலுள்ள தேநீர் ஆறுமுன்னரே ஒரு பிள்ளையின் வருங்காலம் முடிவாகிவிடும். கலியாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்க ஆறு மாதம் அலைகிறோம். மனை வாங்க நான்கு பேரிடம் வில்லங்கம் விசாரிக்கிறோம். பிள்ளையின் படிப்பை மட்டும் நின்ற நிலையிலேயே தீர்த்துவிடுகிறோம்.

பிறரைக் குறை சொல்லுமுன் நம்முடைய குறையை ஒப்புக்கொள்வதே முறை. மூன்றாண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்த வேளையில், விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு தந்தை நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் நம்முடைய மாலை நேர நிஸ்வான் வகுப்பில் ஓதியவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 94 மதிப்பெண் பெற்றிருந்தாள். “ஹஜ்ரத், பொம்பளப் புள்ளைக்குப் பெரிய கணக்கு எதுக்கு? ராத்திரியில டியூசனுக்கு அனுப்ப முடியுமா? வரலாறு குரூப்புல சேர்த்துடலாம்னு பார்க்கேன்” என்றார். நாம் என்ன சொன்னோம்? “உங்கள் விருப்பம், அல்லாஹ் பரக்கத் செய்வான்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அந்தப் பெண்ணின் திறமையை அறியாமல் சொன்னோமா? இல்லை, நன்கு அறிந்தே சொன்னோம். வாரிசுரிமைப் பாடம் நடத்திய ஒரு மாலையில் வகுப்பாருக்கு ஒரு வினா கொடுத்தோம். இறந்தவருக்கு மனைவியும், பெண்மக்கள் இருவரும், தாயும், தந்தையும் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. பெண்மக்கள் இருவருக்குமாக மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று. தந்தைக்கு ஆறில் ஒன்று. மற்றப் பிள்ளைகள் எழுதிக் கொண்டிருக்கும்போதே அவள் தலை நிமிர்ந்தாள். “சொத்தை 24 பங்கா வச்சா 3, 16, 4, 4. கூட்டினா 27 வருதே ஹஜ்ரத்?” என்றாள். நாம் விடை சொல்லுமுன் அவளே, “அப்போ 27 பங்கா வச்சிட வேண்டியதுதான், எல்லாருக்கும் ஒரே விகிதத்துல குறையும்” என்று முடித்தாள். ஃபராயிள் கலையில் ‘அவ்ல்’ எனப்படும் விதி இதுவே. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே இந்த வினாவுக்கு விடையளித்ததனால் இதற்கு ‘மிம்பரிய்யா’ என்று பெயர். எட்டில் ஒன்றாயிருந்த மனைவியின் பங்கு 27-இல் 3, அதாவது ஒன்பதில் ஒன்றாகிவிடும். நாம் மத்ரஸாவில் பல நாள் முட்டி மோதிக் கற்றதை அச்சிறுமி தானாகவே கண்டாள்.

அவளுக்குத்தான் ‘பெரிய கணக்கு எதற்கு’ என்று தீர்ப்பாயிற்று. சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, புள்ளியியல் பட்டப்படிப்பில் சேர விரும்பினாள். மேனிலை வகுப்பில் கணிதம் படியாதவர்க்கு அதில் இடமில்லை என்று கல்லூரியில் சொல்லி விட்டார்கள். நம்மை வழியில் கண்டபோது, “அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாப்பா கேட்டிருப்பாங்க ஹஜ்ரத்” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் தந்த உறுத்தலே இக்கட்டுரை.

திரும்பி வர இயலாத வழி

தமிழகத்தில் 1978-ஆம் ஆண்டு மேனிலைக் கல்வி தொடங்கப்பெற்றது. அதுவரை கல்லூரியில் புகுமுக வகுப்பாயிருந்த படிப்பு பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் பதினோராம் வகுப்பின் வாசலில் எந்தப் பிரிவைத் தெரிந்தெடுக்கிறோம் என்பதே, அதன் பின்னர் எந்தெந்தக் கதவு திறக்கும் என்பதை முடிவு செய்கிறது.

இதில் ஓர் உண்மையை நம் பெற்றோர் கருதிப் பார்ப்பதில்லை. கணிதம் படித்தவன் பின்னர் அதை விட்டுப் போகலாம். கணிதத்தை விட்டவன் திரும்பி வர இயலாது. கணிதப் பிரிவில் படித்த பிள்ளை வணிகவியல் படிக்கலாம், சட்டம் படிக்கலாம், வரலாறோ தமிழோ அரபியோ படிக்கலாம், ஆலிமாகவும் ஆகலாம். எந்தக் கதவும் அவனுக்கு அடைபடவில்லை. கணிதத்தை விட்ட பிள்ளையோ கணிதம், புள்ளியியல், இயற்பியல், கட்டடக்கலை, பொறியியல் ஆகிய வாயில்கள் ஒவ்வொன்றிலும் நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இரண்டு வழிகளில் ஒன்று திரும்பும் வழி, மற்றது திரும்பா வழி என்றால், அறிவுடையோர் எதில் முதலில் காலெடுத்து வைப்பர்?

பொறியியல் சேர்க்கையையே எடுத்துக்கொள்வோம். நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை அமைகிறது. மொத்தம் 200; அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. சரிபாதி கணிதத்தின் கையில் இருக்கிறது. அதே 2007-ஆம் ஆண்டில்தான் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியது. 2021-இல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் வந்தது. அப்பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. இடஒதுக்கீடு வேண்டுமென்று மாநாடு கூட்டினோம், தீர்மானம் போட்டோம், கிடைத்தபோது மகிழ்ந்தோம். ஆனால் அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறவேண்டிய பிள்ளைகளைப் பதினோராம் வகுப்பின் வாசலிலேயே நாமே திருப்பி அனுப்புகிறோம். விருந்து கேட்டுப் போராடியவன் இலை போட்டதும் எழுந்து போன கதையல்லவா இது?

“எங்கள் பிள்ளை டாக்டருக்குப் படிக்கப் போகிறான், கணக்கு வேண்டாம்” என்பார் சிலர். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் கணிதம் இல்லை என்பது மெய்யே. ஆனால் அத்தேர்வை எழுதுகிற அனைவருக்குமா இடம் கிடைக்கிறது? கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்த பிரிவு நம் பள்ளிகளில் உண்டு. அதைப் படித்த பிள்ளைக்கு மருத்துவம் கிட்டாவிடினும் வேறு பத்து வழிகள் கண்முன் நிற்கும்.

“நாங்கள் வியாபாரம் செய்கிறவர்கள், எங்களுக்கு வணிகவியல் போதும்” என்பார் வேறு சிலர். பட்டயக் கணக்காளர் படிப்பின் முதற்படித் தேர்வில் வணிகக் கணிதமும் தருக்கமும் புள்ளியியலும் சேர்ந்து ஒரு முழுத்தாளாக இருப்பதை அவர்கள் அறிவார்களா? வணிகவியலே படிப்பதாயினும் வணிகக் கணிதம் உள்ள பிரிவைத் தேடிச் சேர்ப்பதே விவேகம். நம்மூர்த் தறிக்காரரைக் கேளுங்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் என்றால் பவுண்டுக்கு 33,600 கெஜம். பாவுக்கு எவ்வளவு, ஊடைக்கு எவ்வளவு என்று காகிதமும் பென்சிலும் இல்லாமல் அவர் மனத்திலேயே போடுவார். அப்படிப்பட்டவரின் வாயிலிருந்தா ‘கணக்கு நமக்கு வராது’ என்ற சொல் வரவேண்டும்?

இது துன்யாவின் கல்வி என்போர்க்கு

நம் இனத்தாரான உலமாக்களிலும் சிலர், “இதெல்லாம் துன்யாவின் கல்வி” என்று ஒதுக்குவதுண்டு. அவர்களுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையே முன்னிறுத்துகிறோம். ‘இஹ்யா’வின் முதற்பகுதியாகிய கல்வியின் அத்தியாயத்தில், மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவின் வரிசையில் அன்னார் வைத்திருக்கிறார்கள். ஊரில் ஒருவரும் அதைக் கற்காவிடில் ஊரார் அனைவர் மீதும் பொறுப்பு நிற்கும் என்பது அதன் பொருள். கணிதக் கலைகளை மறுப்பதே மார்க்கத்துக்குச் செய்யும் உதவி என்று கருதுவோர், மார்க்கத்துக்குத் தீங்கையே செய்கின்றனர் என்றும் தமது ‘முன்கித்’ நூலில் அன்னார் எச்சரித்துள்ளார்கள்.

நாம் சிராஜிய்யா ஓதிய காலத்தை நினைக்கிறோம். அதில் இரண்டு எண்களுக்கிடையே உள்ள உறவை தமாஸுல், ததாகுல், தவாஃபுக், தபாயுன் என நான்காகப் பகுத்துக் கற்பித்தார்கள். மனப்பாடம் செய்தோம், விளங்கவில்லை. அவை பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு என்று படித்த அதே கணக்கு என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. மத்ரஸாவையும் பள்ளிக்கூடத்தையும் இரண்டு தீவுகளாக வைத்தோம். இடையே பாலம் போட ஆளில்லாமற் போயிற்று.

அந்தப் பாலம் ஒருகாலத்தில் இருந்தது. கி.பி. 820-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பக்தாதில், கலீஃபா மஃமூன் காலத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ என்னும் நூலை இயற்றினார். இன்று உலகம் அல்ஜீப்ரா என்று வழங்குவது அந்நூற்பெயரின் ஒரு சொல்லே. அந்நூலின் பிற்பகுதி பெரும்பாலும் எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றியது. நம் பிள்ளை பதினோராம் வகுப்பில் ‘அடிப்படை இயற்கணிதம்’ என்று திறக்கும் பாடத்தின் மூதாதையர் வீட்டில் ஃபராயிள் கூடவே வாழ்ந்திருக்கிறது.

ஐம்பதைக் கடந்த இந்த வயதில் நாம் அரசுப் பாடநூல்களைத் தேடிப்பெற்றுப் புரட்டிப் பார்த்தோம். பதினோராம் வகுப்பில் முக்கோணவியல் இருக்கிறது. அதில் வரும் ‘சைன்’ என்ற சொல்லின் பிறப்பைப் பாருங்கள். வடமொழியில் ஜீவா என்றதை அரபு மக்கள் ஜீபா என்று எழுத்துப் பெயர்த்துக் கொண்டார்கள். உயிர்க்குறி இல்லாமல் எழுதப்பட்ட அச்சொல் நாளடைவில் ‘ஜைப்’ என்று வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் சட்டையின் மடிப்பு. லத்தீனில் மொழிபெயர்த்தோர் மடிப்பைக் குறிக்கும் ‘சைனஸ்’ என்னும் சொல்லை அதற்கு இட்டனர். இந்திய நாட்டின் கலை, அரபு மக்களின் கைவழியே ஐரோப்பா சென்று, நம் பிள்ளையின் பாடநூலுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சமன்பாட்டியலும், பரவளையம் முதலிய வளைவுகளும் உள்ளன. அத்தகைய வளைவுகளை ஒன்றையொன்று வெட்டச் செய்து முப்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டவர், நம்மவர் வெறும் கவிஞராகவே அறிந்திருக்கும் உமர் கய்யாம்.

தொழுகைக்கு நாம் நோக்கும் திசையும் முக்கோணவியலே. கிப்லா மேற்கு என்று பொதுவாகச் சொல்கிறோம். சங்கரன்கோவிலிலிருந்து மக்கா நகரை நோக்கும் மிகக் குறுகிய வழியைக் கோளத்தின் மீது கணித்தால், அது நேர்மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 23 பாகை சாய்ந்திருக்கும். இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும், சைனும் கொசைனும் டேனும் இருந்தால் இதைக் காகிதத்திலேயே காணலாம். கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாக நிறுவும் பொருட்டு அல்-பிரூனி ஒரு பெருநூலே எழுதி 1025-இல் முடித்தார். நம் முன்னோர் கணித்த திசையை நாம் கைபேசியின் முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்த முள் எப்படிக் கணிக்கிறது என்று சொல்ல ஊருக்கு ஒரு பிள்ளையாவது வேண்டாமா?

இவ்வளவும் சொல்வது முன்னோர் பெருமை பேசி மகிழ்வதற்கன்று. மேடைகளில் அல்-குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளை அல்ஜீப்ரா படிக்காதே என்று தடுப்பதற்குப் பெயர் பெருமையன்று.

பெண்மக்களும் பயமும்

பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று கேட்போர் மர்யம் மிர்ஸாகானியை அறியட்டும். 1977-இல் தெஹ்ரானில் பிறந்தவர். அவர் மேனிலைப் பள்ளியில் படித்தபோது, ஆண்கள் பள்ளியில் இருந்தது போன்ற கணிதச் சிறப்பு வகுப்பு பெண்கள் பள்ளியில் இல்லை. அவரும் அவருடைய தோழியும் தலைமையாசிரியையிடம் சென்று கேட்டார்கள். அந்த அம்மையார் மறுக்காமல் ஏற்பாடு செய்தார். 1994-இலும் 1995-இலும் உலகக் கணித ஒலிம்பியாட் போட்டிகளில் மர்யம் தங்கப் பதக்கம் வென்றார். இரண்டாம் முறை முழு மதிப்பெண் பெற்றார். 2014-இல் கணித உலகின் மிக உயர்ந்த விருதாகிய ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. 2017-இல் நாற்பது வயதில் மறைந்தார். அவருடைய மேதை இறைவன் கொடை. ஆனால் பள்ளிப் பருவத்தில் ஒரு தலைமையாசிரியை ‘உனக்கு எதற்கு’ என்று கேட்கவில்லை. அது மனிதர் கையிலுள்ள கொடை.

நம் நாட்டில், மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் சென்னையில் வானூர்திப் பொறியியல் படிக்கக் கட்டணம் இல்லாதபோது, அவருடைய சகோதரி ஜொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஒரு பெண்ணின் நகை ஓர் ஆணின் படிப்பைக் காத்தது. இன்று நாம் பெண்ணின் நகைக்காக அவள் படிப்பையே அடகு வைக்கிறோம். இராமேசுவரத்தில் சிறுவனாயிருந்தபோது விடியற்காலை நான்கு மணிக்குக் கணித ஆசிரியர் ஒருவரிடம் கட்டணமின்றிப் பாடம் கேட்கச் சென்றதையும் கலாம் அவர்கள் நன்றியோடு எழுதியிருக்கிறார்கள். வீட்டில் எழுப்பிவிடத் தாயும், கற்பிக்க ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எதிர்த்தரப்பில் நியாயம் சிறிதும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஏற்றதன்று. ஓவியத்திலோ மொழியிலோ உள்ளம் தோய்ந்த பிள்ளையை வற்புறுத்திக் கணிதப் பிரிவில் தள்ளி, இரண்டாண்டும் அழவைத்து, கடைசியில் தேர்ச்சியும் இல்லாமல் நிறுத்துவது கொடுமையே. இரவில் பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் தந்தையின் கவலையும் பொய்யன்று. மேலும், தேர்ச்சி விழுக்காடு குறையுமே என்று அஞ்சி, சுமாராகப் படிக்கும் பிள்ளையைக் கணிதப் பிரிவிலிருந்து விலக்கும் பள்ளிகளும் உண்டு. இவற்றையெல்லாம் அறிந்தே சொல்கிறோம்: பிள்ளைக்கு வராது என்று முடிவு செய்தவர் யார்? பிள்ளை முயன்று பார்த்துச் சொன்னதா, அல்லது முயலுமுன் நாம் சொன்னதா? ‘எனக்கே கணக்கு வராது; உனக்கு எங்கே வரப்போகிறது’ என்று தாய் தந்தையர் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல் பத்து வயதில் பிள்ளையின் நெஞ்சில் விழுகிறது; பதினைந்து வயதில் அது முளைத்து நிற்கிறது.

ஜமாஅத் செய்ய வேண்டியது

குறை சொல்லி முடித்தால் போதாது. வழியும் சொல்ல வேண்டும். நாம் கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவுக்குப் பின்னர் விழிப்பது காலங்கடந்த விழிப்பு. மக்தப் நடக்கும் கட்டடங்கள் மஃரிபுக்குப் பின் பல ஊர்களில் பூட்டியே கிடக்கின்றன. அங்கே விளக்கேற்றி வாரம் மூன்று நாள் கணித வகுப்பு நடத்தலாம். பெண்பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின், வெளிச்சம் இருக்கும்போதே, ஆசிரியைகளைக் கொண்டு நடத்தலாம். தந்தையின் கவலைக்கு அதுவே மருந்து. சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் கடையநல்லூரிலும் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர் எந்த மதத்தவராயினும், மரியாதையோடு அழைத்தால் மறுக்க மாட்டார். ஏழைப் பிள்ளையின் புத்தகத்துக்கும் போக்குவரத்துக்கும் பைத்துல்மாலில் ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம்.

தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில், ஜும்ஆவுக்குப் பின், பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருசேர அமர்த்தி, எந்தப் பிரிவு எந்தக் கதவைத் திறக்கும், எதை அடைக்கும் என்று விளக்க வேண்டும். திருநெல்வேலியில் 1981 முதல் அரசு பொறியியற் கல்லூரி இருக்கிறது; பாளையங்கோட்டையில் 1971 முதல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி இருக்கிறது. கணிதத்திலேயே மூழ்க விரும்பும் பிள்ளைக்குச் சென்னைக் கணிதக் கழகம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தன் நுழைவுத்தேர்வின் வழியே இடம் தருகிறது. இவை இருப்பதையே நம் பெற்றோரில் பலர் அறியார். வளைகுடாவுக்கு விசா எங்கே கிடைக்கும் என்று மட்டும் நம்மூர்ச் சபராளிகள் அனைவரும் அறிவர்.

இறுதியாக உலமாக்களுக்கு ஒரு சொல்; இது முதலில் நமக்கே. நம்மிடம் யோசனை கேட்டு வரும் தந்தையிடம் ‘உங்கள் விருப்பம்’ என்று சொல்வது பணிவன்று; பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. அமானிதத்தைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்கிறோம். பிள்ளைக்கு இறைவன் தந்த அறிவும் அமானிதமே என்பதை அன்று மறந்தோம். அந்தப் பெண் இப்போது வேறொரு பட்டப்படிப்பு படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஆயினும் அவளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனை அவளிடமே திருப்பித் தர வழியில்லை.

அவளுடைய தங்கை இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். தேர்வு முடிவு வந்ததும் அத்தந்தை மீண்டும் வருவார். ‘பெரிய கணக்கு நமக்கு எதற்கு?’ என்று மீண்டும் கேட்பார். பிள்ளைக்கு விருப்பமிருந்தால் முதலில் படிக்கட்டும், படித்தபின் வேண்டாமெனில் விடட்டும், படிக்குமுன் நாம் விடச் செய்ய வேண்டாம் என்று இம்முறை அவரிடம் சொல்வோம். அவர் வரத் தாமதித்தால், நாமே அவர் வீட்டுக்குப் போவோம்.